சிங்கப்பூர் ஆயுதப் படையின் அதிகாரிப் பயிற்சிப் பள்ளியான ஓசிஎஸ்-க்குப் போக ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களுடைய அம்மா அப்பாவுக்கும்: ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் யீஷூனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் மகன் கேட்டான், “மாமா, ஓசிஎஸ் போகணும்னா என்ன பரீட்சை எழுதணும்?” அவனுக்கு 16 வயது. தமிழ்நாட்டில் இருக்கும் எங்கள் சித்தப்பா பேரன் இந்தியாவின் தேசியப் பாதுகாப்புக் கழகமான என்டிஏவின் நுழைவுத் தேர்வுக்காகக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று இவன் நினைத்திருக்கிறான். நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது என்றதும் அவன் முகம் தெளிந்தது. ஆனால் அக்கா விடவில்லை. “பரீட்சை இல்லன்னா எதை வச்சுத்தான் எடுக்குறாங்க?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லி முடிக்க அன்று இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. நான் தேசிய சேவையில், அதாவது இங்குள்ள ஆண்களுக்குக் கட்டாயமான படைச் சேவையில், காலாட்படை அதிகாரியாக இருந்தவன், அதன்பிறகும் நடக்கும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் இன்றும் போகிறேன். அன்று அவர்கள் இருவருக்கும் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன், அவன் வயதில் இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று.

இங்கே வழி எப்படிப் போகிறது

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் போலவோ இந்தியாவில் கடக்வாஸ்லாவில் இருக்கும் என்டிஏ போலவோ, பள்ளி முடித்த கையோடு சேர்ந்து பட்டப் படிப்பையும் ராணுவப் பயிற்சியையும் ஒன்றாக முடித்துக்கொண்டு வெளியே வரும் ராணுவக் கல்லூரி சிங்கப்பூரில் இல்லை. பையன்களுக்கு இங்கே வாசல் தேசிய சேவைதான். பதினாறரை வயதில் பதிவு, அப்புறம் மருத்துவப் பரிசோதனை, ஜேசி என்ற தொடக்கக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ முடித்ததும் புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி. அங்கே பயிற்சி பெறுபவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, அப்பர் ஜூரோங் சாலையில் இருக்கும் சாஃப்டி ராணுவக் கழகத்துக்குள் உள்ள ஓசிஎஸ்-க்கு அனுப்புகிறார்கள். தரைப்படை என்றால் அங்கே ஏறத்தாழ 9 மாதம். முடித்தால் செகண்ட் லெப்டினன்ட். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சாங்கியிலிருந்து தெக்கோங்குக்கு ஏறும் படகு ஒன்றுதான், மொட்டையடிக்கும் நாற்காலியும் ஒன்றுதான்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்திருப்பது நல்லது. நேர்காணலுக்காகச் சொல்லவில்லை, நாம் எதற்குள் போகிறோம் என்று புரிவதற்காகச் சொல்கிறேன். 1965-ல் சிங்கப்பூர் தனி நாடானபோது நம்மிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். பிரிட்டிஷ் படைகள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்ற நிலை, 1971-ல் உண்மையிலேயே கிளம்பினார்கள். கையில் போதிய படையும் இல்லை, படையை நடத்தப் போதிய அதிகாரிகளும் இல்லை. அந்த நெருக்கடியில் 1966-ல் பாசிர் லாபாவில் தொடங்கியதுதான் சாஃப்டி. 1967 ஜூலை 16 அன்று அங்கிருந்து முதல் அணியாக 117 பேர் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். இப்போதிருக்கும் பெரிய வளாகம் 1995-ல் திறக்கப்பட்டது.

அந்த சாஃப்டியின் முதல் இயக்குநர் யார் தெரியுமா? கிர்பா ராம் விஜ். பஞ்சாபில் பிறந்தவர், பிறகு 1970 முதல் 1974 வரை நம் படைகளின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். 2011 முதல் 2014 வரை தரைப்படைத் தலைவராக இருந்தவர் ரவீந்தர் சிங். இருவரும் தமிழர்கள் இல்லை, இந்திய வம்சாவளியினர்; நான் இந்தப் பெயர்களைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, நான் மிகவும் மதித்த ஒரு பெரியவர் என் அப்பாவிடம், “நம்ம பிள்ளைங்களுக்கு அதெல்லாம் கிடைக்காது, வீணா ஆசை காட்டாதீங்க” என்று சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு வருடம் ஓடவிடாமல் உட்கார வைத்தது. எப்படியும் கிடைக்கப்போவதில்லை என்றால் எதற்கு ஓடுவது? அதனால் உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் அதோடு வாதாட வேண்டாம், சரி என்று கேட்டுக்கொண்டு ஷூவைக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடப் போய்விடுங்கள்.

படி 1: பதினான்கு, பதினைந்து வயதில் செய்ய வேண்டியவை

உடலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் பிடிக்கும். பள்ளியில் நாப்ஃபா என்ற உடல்தகுதிச் சோதனையில் ஆறு நிலையங்கள் இருக்கின்றன. 2.4 கிலோமீட்டர் ஓட்டமும் புல்-அப்பும்தான் பையன்களைக் கவிழ்ப்பவை. நாப்ஃபாவில் வெள்ளியோ தங்கமோ வாங்கிவிட்டால், உடல்தகுதி நிலை சரியாக இருப்பவர்களுக்கு முழுநேரச் சேவை 2 மாதம் குறைகிறது, ஏனென்றால் தெக்கோங்கில் உடலைத் தேற்றுவதற்கென்றே வைத்திருக்கும் முன்பயிற்சி அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. 2 மாதம் மிச்சம் என்று பலர் சந்தோஷப்படுவார்கள், நியாயம்தான். ஓசிஎஸ் நினைப்பவர்களுக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: முதல் வாரத்திலேயே மூச்சிரைக்காமல் நிற்பவனுக்குப் பக்கத்தில் இருப்பவனைக் கவனிக்கத் தெம்பு மிச்சம் இருக்கும். அந்தத் தெம்பைத்தான் பிறகு பார்த்து எடுக்கிறார்கள். இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஓட்டம் வாரத்துக்கு மூன்று நாள் போதும். முதல் மாதம் நேரத்தைப் பார்க்காதீர்கள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 20 நிமிடம், அவ்வளவுதான். இரண்டாவது மாதத்திலிருந்து அந்த மூன்றில் ஒரு நாளை மட்டும் வேகத்துக்கு ஒதுக்கி, 400 மீட்டரை வேகமாக ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடி, இப்படி ஐந்தாறு முறை. பக்கத்து ஸ்டேடியமோ பார்க் கனெக்டரோ எதுவானாலும் சரி. வெயில் ஏறும் முன் காலையில் ஓடுங்கள், முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் வியர்வை காயாது, உடம்பின் சூடும் அவ்வளவு எளிதில் வெளியேறாது; வெப்பத்தால் மயங்கி விழுவதை ஏதோ பலவீனம் என்று நினைத்துப் பல்லைக் கடிப்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

புல்-அப் ஒன்றுகூட வரவில்லையா? கீழ்த்தளத்துப் பக்கத்தில் உடற்பயிற்சி மூலை இருக்கும், அங்கே கம்பியைப் பிடித்துக் குதித்து மேலே போய், அங்கிருந்து ஐந்து விநாடி எடுத்து மெதுவாகக் கீழே இறங்குங்கள். ஐந்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். ஆறேழு வாரத்தில் முதல் புல்-அப் வந்துவிடும், என் அக்கா மகனுக்கு ஐந்தாவது வாரத்தில் வந்தது.

சேவைக்குள் போனபின் ஐபிபிடி என்ற உடல்தகுதிச் சோதனை. அதில் புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றும் சேர்த்து 100 புள்ளி. 75 எடுத்தால் வெள்ளி, 85 எடுத்தால் தங்கம். ஓட்டத்துக்கு மட்டும் 50 புள்ளி என்பதால் எதில் நேரம் செலவழிக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இணைப்பாட நடவடிக்கை பற்றி. தேசிய மாணவர் படையான என்சிசியில் சேர்ந்தால் அணிவகுப்பு, முகாம், வரைபடம் பார்ப்பது எல்லாம் முன்கூட்டியே பழகும், ‘செடியா’, ‘செனாங் டிரி’ என்ற மலாய்க் கட்டளைகளும் காதுக்குப் பழகிவிடும். விமானப்படை ஆசை இருந்தால் சிலேத்தாரில் இருக்கும் இளையர் விமான ஓட்டுநர் மன்றத்தைப் பற்றிப் பள்ளியில் கேளுங்கள், மாணவனாக இருக்கும்போதே விமானம் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். ஆனால் சீருடைக் குழுவில் இல்லாதவர்களுக்கு வழி அடைக்கவில்லை. என்னுடைய ஓசிஎஸ் பிரிவில் மிகச் சிறந்தவன் என்று நாங்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட பையன் பள்ளியில் சீன இசைக்குழுவில் இருந்தவன். அறுபது பேர் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற பழக்கம் அவனுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. எதில் இருந்தாலும், யாரும் ஏற்க விரும்பாத ஒரு பொறுப்பை ஏற்றுச் செய்யுங்கள். சாமான் கணக்கு, வருகைப் பதிவு, புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, இப்படி ஏதாவது.

படி 2: மருத்துவப் பரிசோதனை

தேசிய சேவைக்கு ஆளெடுக்கும் மையமான சிஎம்பிபியில் அரைநாள் போய்விடும். ரத்தம், எக்ஸ்ரே, இதயத் துடிப்பு, கண், காது, பல், அப்புறம் கணினியில் சில திறன் சோதனைகள். எந்தப் பிரிவில் ஆர்வம் என்று தெரிவிக்கவும் வாய்ப்பு தருகிறார்கள், அதைச் சோம்பல்பட்டு விடாதீர்கள். முடிவில் ‘பெஸ்’ என்று ஓர் உடல்தகுதி நிலை கொடுப்பார்கள். ஏ அல்லது பி1 வந்தால் களப் பிரிவுகளுக்குத் தடையில்லை. கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம், கண்ணாடி போட்ட அதிகாரிகள் ஏராளம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது, ஏதோ ஒவ்வாமை இருக்கிறது, முழங்காலில் பழைய அடி, மனச்சோர்வுக்கு ஒருகாலத்தில் மருத்துவரைப் பார்த்தது, இப்படி எது இருந்தாலும் மறைக்காதீர்கள். நல்ல நிலை கிடைக்க வேண்டும் என்பதற்காக அம்மா அப்பாவே “அதச் சொல்லாதே” என்று சொல்லி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவரின் கடிதங்களை எடுத்துக்கொண்டு போய் உள்ளதைச் சொல்லுங்கள். 24 கிலோமீட்டர் நடையின் நடுவில் மூச்சு முட்டும்போது பக்கத்தில் இருக்கும் மருத்துவ உதவியாளருக்கு உங்கள் உடம்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் என்ன செய்வார்?

படி 3: தெக்கோங். இங்கேதான் எல்லாம் முடிவாகிறது

அக்கா கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இந்தத் தீவில்தான் இருக்கிறது.

அடிப்படைப் பயிற்சியில் என்னென்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் ஓரளவு தெரியும். சார் 21 துப்பாக்கி, தடை ஓட்டம், கையெறி குண்டு, காட்டில் சில நாள் முகாம், 4 கிலோமீட்டரில் தொடங்கி 24 கிலோமீட்டர் வரை வளரும் நடை. காலையில் ஏரியா கிளீனிங், இரவில் கட்டில் பரிசோதனை, வெள்ளி அல்லது சனி வீட்டுக்குப் போக புக் அவுட், ஞாயிறு இரவு திரும்பி வந்து புக் இன். இதில் எதிலும் நீங்கள் முதலாவதாக வர வேண்டிய அவசியமில்லை. நன்றாகச் செய்தால் போதும்.

நடுவில் ஒரு சோதனை வரும், சிட் டெஸ்ட் என்பார்கள். சின்னக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையமாக அழைத்துப் போவார்கள். ஒரு நிலையத்தில் இரண்டு பலகை, ஒரு கயிறு, ஒரு பீப்பாய், முன்னால் கற்பனையில் ஒரு ஆறு. இத்தனை நிமிடத்துக்குள் எல்லாரும் அந்தப் பக்கம் போக வேண்டும், தரையில் கால் படக்கூடாது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒருவர் தலைவர். பக்கத்தில் ஒருவர் அட்டையில் குறித்துக்கொண்டே நிற்பார், ஒரு வார்த்தையும் பேசமாட்டார்.

என் முறை வந்தபோது நான் செய்த தவறைச் சொல்கிறேன். தலைவன் என்றால் குரல் உயர்த்த வேண்டும் என்று நினைத்தேன். முழு நேரமும் கத்தினேன். எங்கள் குழுவில் மெதுவாகப் பேசும் ஒரு பையன் இருந்தான், பலகையை எந்தப் பக்கம் வைத்தால் நிற்கும் என்று அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான், நான் காதிலேயே வாங்கவில்லை. நேரம் முடிந்தது, யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த நிலையத்துக்கு நடந்துபோகும்போது எங்கள் சார்ஜன்ட் என் பக்கத்தில் வந்து, “அவன் சொன்னது உனக்குக் கேட்டதா?” என்று மட்டும் கேட்டார். அன்று மாலை அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் வேறொரு நிலையத்தில் இன்னொருவன் தலைவன், நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஓரத்தில் பேசாமல் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராக “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டேன். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த இரண்டாவது நாள்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

எனவே, உங்கள் முறையில் குழு தோற்றுப்போனாலும் உங்களுக்குக் கதை முடிந்துவிடவில்லை. முதல் நிமிடத்தில் நிலைமையைப் பாருங்கள், எல்லாரையும் ஒரு வட்டமாக நிற்கவைத்து யோசனை கேளுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தெளிவாகச் சொல்லுங்கள், யார் எதைப் பிடிப்பது என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். வேலை நடக்கும்போது கொஞ்சம் பின்னால் நின்று மொத்தத்தையும் பாருங்கள். திட்டம் வேலை செய்யவில்லையா, நிறுத்தி மாற்றுங்கள். மற்றவர் தலைவராக இருக்கும்போது நன்றாக உழைப்பதையும் குறிக்கிறார்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, சக பயிற்சியாளர்களின் மதிப்பீடு. உங்கள் செக்ஷனில், அதாவது உங்கள் சிறு அணியில், இருப்பவர்களையே கேட்பார்கள், யாரை நம்புவீர்கள், யார் பின்னால் போவீர்கள் என்று. இதில் நடிக்க முடியாது. ஒரே அறையில் வாரக்கணக்கில் தூங்கி எழுந்தவர்களுக்கு எல்லாம் தெரியும்: இரவு இரண்டு மணிக் காவலுக்கு உங்களை எழுப்பினால் உடனே எழுவீர்களா, கழிவறை கழுவும் நாளில் காணாமல் போவீர்களா, காலில் கொப்புளம் வந்தவனின் பையை வாங்கித் தூக்கினீர்களா, சார்ஜன்ட் பார்க்கும்போது மட்டும் தூக்கினீர்களா. சிங்கப்பூர் ஆயுதப் படையின் அடிப்படை விழுமியங்களில் ஒன்று படைவீரர்கள்மீது அக்கறை. நிலைக்கண்ணாடிக்கு மேலே ஒட்டிவைத்த வாசகமாக அதைப் பார்க்காமல், தினமும் உங்கள் பட்டியின், அதாவது உங்களோடு ஜோடி சேர்க்கப்பட்டவனின், தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே, பதினாறு வயதிலேயே தொடங்கலாம். தம்பி தங்கை, தாத்தா பாட்டி, கீழ்வீட்டுப் பெரியவர் என்று கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் அக்காவுக்குச் சொன்ன பதிலும் இதுதான்: உன் மகன் களைத்துப்போன நேரத்தில் பக்கத்தில் இருப்பவரை எப்படி நடத்துகிறான் என்பதை வைத்துத்தான் எடுக்கிறார்கள், மற்ற எல்லாம் அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலையை மட்டும் செய்யும்.

சாப்பாடு பற்றி நம் வீடுகளில் எப்போதும் கேட்பார்கள். சைவம் உண்டு, முஸ்லிம் உணவும் உண்டு, காட்டுக்குக் கொண்டுபோகும் பொட்டல உணவிலும் சைவ வகை இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: ஓசிஎஸ்-க்குள்

தெக்கோங்கில் உடம்பு களைக்கும், ஓசிஎஸ்-ல் அதோடு மூளையும் களைக்கும். பகல் முழுக்க நடந்துவிட்டு, இரவு ஒரு தாக்குதல் திட்டத்தை எழுதி, தரையில் மண்ணைக் குவித்து, கயிற்றால் சாலையும் இலையால் காடும் வைத்து நிலத்தின் மாதிரி செய்து, அதைச் சுட்டிக்காட்டி முப்பது பேருக்கு உத்தரவு சொல்ல வேண்டும். கேட்பவர்களும் உங்களைப்போலவே தூங்கி விழுகிறவர்கள். தெளிவாக, சுருக்கமாக, ஆங்கிலத்தில் பேசும் பழக்கம் அப்போது கைகொடுக்கும். பள்ளியில் விவாத மேடையோ வகுப்பு முன் பேசும் வாய்ப்போ வந்தால் ஓடி ஒளியாதீர்கள். தமிழ் மேடையில் பேசிப் பழகியதும் உதவும். நான் பத்தாம் வயதில் ஒரு பேச்சுப் போட்டியில் மூச்சை எங்கே விட வேண்டும் என்று கற்றது அந்த மண் மாதிரிக்கு முன்னால் நிற்கும்போது ஞாபகம் வந்தது.

வரைபடமும் திசைகாட்டியும் இன்னொரு பெரிய பாடம். இரவில், காட்டுக்குள், நூறு மீட்டருக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். மெக்ரிட்ச்சி பாதைகளிலும் 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றிலும் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் காகித வரைபடத்தோடு நடந்து பாருங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளில் வாசிக்கக் கண் பழகும். காலாட்படைக்குப் போகிறவர்களுக்குப் புருணைக் காட்டில் ஒரு பயிற்சி உண்டு. மிகக் குறைந்த உணவு, செங்குத்தான மலைச்சரிவு, ஓயாத மழை. அங்கிருந்து திரும்பிய பிறகு சோற்றைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கடற்படை, விமானப்படை, 2022-ல் தொடங்கிய மின்னிலக்க, உளவுச் சேவை ஆகியவற்றின் பயிற்சி அதிகாரிகளும் ஓசிஎஸ்-ல்தான் படிக்கிறார்கள், பயிற்சிக் காலமும் பாடமும்தான் வேறுபடும். கணினியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த நான்காவது சேவையைக் கட்டாயம் பாருங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள்: தேசிய சேவைக் கடமை மற்றவர்களுக்கு 40 வயது வரை என்றால் அதிகாரிகளுக்கு 50 வயது வரை.

படி 5: உபகாரச் சம்பளமும் வெளிநாட்டு ராணுவக் கல்லூரிகளும்

வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கும் அமெரிக்க விமானப்படைக் கல்லூரி, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட், ஜப்பானின் தற்காப்புக் கல்லூரி. இந்தப் பெயர்களைக் கேட்டுக் கண் விரியும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கும் விரிந்தது. நம் நாட்டிலிருந்து போக முடியுமா? முடியும். ஆனால் நீங்களாக விண்ணப்பப் படிவம் நிரப்பி அனுப்பிச் சேர முடியாது. அமெரிக்கப் பிள்ளைகள் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை போன்ற ஒரு நியமனத்தோடு போகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளை அவரவர் அரசாங்கம் அனுப்புகிறது. ஆகவே சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு வழி சிங்கப்பூர் ஆயுதப் படை வழியாகத்தான், நிரந்தரப் பணியில் சேர்ந்து, உபகாரச் சம்பளத் தேர்வில் வென்று. அமெரிக்கக் கல்லூரிகளில் நான்கு ஆண்டும் இளநிலைப் பட்டமும். சாண்ட்ஹர்ஸ்ட் வேறு மாதிரி, 44 வாரப் பயிற்சி, பட்டம் கிடையாது. ஜப்பானுக்குப் போகிறவர்கள் முதலில் மொழி படிக்க வேண்டும்.

இப்படிப் போனவர்களில் ஒருவர் இங் சீ மெங். அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார், 2013 முதல் 2015 வரை நம் தற்காப்புப் படைத் தலைவராக இருந்தார், பிறகு அமைச்சரானார்.

ராணுவக் கல்லூரிக்குப் போகாமல் சாதாரணப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் உபகாரச் சம்பளங்கள்தான் அதிகம். சிங்கப்பூர் ஆயுதப் படை உபகாரச் சம்பளம் 1971-லிருந்து இருக்கிறது, பொதுச் சேவை ஆணையமும் இதன் தேர்வில் பங்கெடுக்கிறது. அதோடு மெரிட் உபகாரச் சம்பளம், பொறியியல், மருத்துவம் என்று வேறு சிலவும் உண்டு. மதிப்பெண் வேண்டும், மறைக்க ஒன்றுமில்லை. அதற்குமேல் நேர்காணல், உளவியல் மதிப்பீடு.

நேர்காணலுக்கு என்ன செய்வது? மனப்பாடம் வேண்டாம். தினமும் செய்தி வாசியுங்கள், தென்சீனக் கடலில் என்ன நடக்கிறது, நம் கடற்படை ஏடன் வளைகுடா வரை ஏன் போனது, இவ்வளவு சின்ன நாட்டுக்குக் கப்பல் பாதை ஏன் உயிர்நாடி என்று வீட்டில் பேசுங்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு கருத்தைச் சொல்லி, அப்பா எதிர்த்துப் பேசும்போது கோபப்படாமல் பதில் சொல்லிப் பழகுங்கள். “ஏன் ராணுவம்?” என்ற கேள்விக்கு உங்களுடைய சொந்தக் காரணம் ஒன்று இருக்க வேண்டும். என் அக்கா மகன், “தாத்தா ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டுத்தான் உயிரோட இருந்தாராம், அது மறுபடி வரக்கூடாது” என்றான். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்ததைப் பாடப்புத்தகத்தில் எல்லாரும் படித்திருக்கிறார்கள், அவன் தாத்தாவிடமிருந்து கேட்டிருக்கிறான். இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பாண்ட், அதாவது படிப்புக்கு ஈடாக இத்தனை ஆண்டு சேவை செய்வேன் என்ற ஒப்பந்த விஷயத்தை, அம்மா அப்பாவோடு உட்கார்ந்து வரிக்கு வரி படியுங்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 5 அல்லது 6 ஆண்டு சேவை செய்ய வேண்டும். 19 வயதில் கையெழுத்துப் போட்டு, படித்துத் திரும்பி, பாண்ட் முடியும்போது முப்பதை நெருங்கிவிடுவீர்கள். பணத்துக்காகவோ வெளிநாட்டுக்காகவோ மட்டும் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வேலை பிடித்திருக்கிறதா என்று தெக்கோங்கும் ஓசிஎஸ்-ம் காட்டிக்கொடுக்கும், அதன்பிறகு முடிவெடுத்தாலும் காலம் தாழ்ந்துவிடாது.

பெண் பிள்ளைகளுக்கு

தேசிய சேவைக் கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஆனால் நிரந்தரப் பணியில் சேர்ந்து ஓசிஎஸ் போகலாம், உபகாரச் சம்பளங்களுக்கும் போட்டியிடலாம். பெண்களுக்கான மெரிட் உபகாரச் சம்பளம் 1993-ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது பெற்றவர்களில் ஒருவரான கான் சியாவ் ஹுவாங் 2015-ல் நம் நாட்டின் முதல் பெண் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். நம் வீடுகளில் பெண் பிள்ளை இதைக் கேட்டால் முதலில் ஒரு அமைதி விழும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை அந்த அமைதியை உடைக்க ஒன்று செய்தாள்: சேவையில் இருக்கும் ஒரு பெண் அதிகாரியைத் தெரிந்தவர்கள் மூலம் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வீட்டுக்கே அழைத்துவிட்டாள். அம்மா அவரிடம் இரண்டு மணிநேரம் கேள்வி கேட்டார், தங்குமிடம், பாதுகாப்பு, கல்யாணம், குழந்தை, எல்லாம். அப்புறம்தான் சம்மதித்தார். தயங்கினால் தன்னார்வலர் படையைப் பற்றியும் விசாரியுங்கள், சீருடை வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்க அது ஒரு வழி.

அம்மா அப்பாவுக்கு

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பயிற்சியில் உயிர்கள் போயிருக்கின்றன, அதை யாரும் மூடிமறைக்க வேண்டியதில்லை. 2019-ல் பாதுகாப்பைக் கண்காணிப்பதற்கென்றே தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆபத்து என்று நினைக்கும் எந்தப் பயிற்சியையும் நிறுத்தச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. “உடம்பு முடியலைன்னா சொல்லு, வெட்கப்படாதே” என்று நீங்கள் சொல்லி அனுப்பும் வார்த்தைக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிள்ளைக்கு ஆசை இல்லாமல் உங்களுக்கு மட்டும் ஆசை இருந்தால் தயவுசெய்து அழுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் அதிகாரி ஆகிவிட்டான் என்ற ஒப்பீடு தெக்கோங் படகில் ஏறும் பிள்ளையின் முதுகில் இன்னொரு மூட்டை. ஞாயிறு மாலை அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டு, அவன் பேசினால் கேட்டு, பேசாவிட்டால் தூங்கவிடுங்கள்.

தேர்வாகாவிட்டால்

நடக்கும். நல்ல பிள்ளைகளுக்கும் நடக்கும். எங்கள் பிரிவில் மெதுவாகப் பேசிய அந்தப் பையனை ஓசிஎஸ்-க்கு எடுக்கவில்லை, பாசிர் லாபாவில் இருக்கும் சார்ஜன்ட்டுகளுக்கான பள்ளிக்கு அனுப்பினார்கள். அவன் ஒரு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு சார்ஜன்ட் ஆகி, தெக்கோங்குக்கே பயிற்சி கொடுக்கத் திரும்பினான். சிறப்பாகச் செய்யும் சார்ஜன்ட்டுகள் சிலருக்குப் பிறகு ஓசிஎஸ் வாய்ப்பு வருவதுண்டு, அவனுக்கும் வந்தது. அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஏன் என்று ரிசர்விஸ்டில் சந்தித்தபோது கேட்டேன். அவனுடைய செக்ஷனில் அப்போது நீச்சல் தெரியாத, வீட்டை விட்டு ஒருநாளும் தங்காத, இரவெல்லாம் அழும் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தானாம். “அவன் முடிச்சு வெளிய போற வரைக்கும் நான் எங்கயும் போறதா இல்ல” என்றான்.